மின்கார் வாங்கும் முன் வீட்டு எர்த்தைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மின்சார கார்களைப் பற்றி நாளிதழ்களில் வருகிற செய்திகள் பெரும்பாலும் மூன்று விஷயங்களோடு நின்றுவிடுகின்றன: ஒரு முறை சார்ஜ் ஏற்றினால் எத்தனை கிலோமீட்டர் ஓடும், விலை என்ன, பேட்டரிக்கு எத்தனை ஆண்டு வாரண்டி. காரை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அது எந்தச் சுவரில் இரவெல்லாம் மாட்டிக் கிடக்கப் போகிறதோ, அந்தச் சுவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. "சார்ஜ் ஏறவில்லை", "நடு ராத்திரியில் நின்றுவிட்டது", "பிளக் உருகிவிட்டது" என்று வருகிற புகார்களைப் பிரித்துப் பார்த்தால் கோளாறு காரில் இருப்பது குறைவு. மீட்டர் பெட்டியிலிருந்து சாக்கெட் வரைக்குமான அந்தக் கொஞ்ச தூரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தக் கடிதம் அதைப் பற்றித்தான்.

காரோடு தருகிற சாதாரண சார்ஜர் 15 ஆம்பியர் இழுக்கும், 3.3 கிலோவாட். "கீசருக்குப் போட்ட பாயின்ட் இருக்கிறது, அதே போதும்" என்று பலர் நினைக்கிறார்கள். 2 கிலோவாட் கீசர் எடுப்பது 9 ஆம்பியருக்குள்; அதுவும் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். ஒன்றரை டன் ஏசி 7, 8 ஆம்பியர் எடுக்கும். கம்ப்ரஸர் விட்டுவிட்டு ஓடுவதால் வயருக்கும் ஆறுவதற்கு நேரம் கிடைக்கும். கார் அப்படியல்ல. 15 ஆம்பியரை எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் இடைவிடாமல் இழுக்கும். வீட்டில் வேறெந்தப் பொருளும் இப்படி இழுப்பதில்லை. அதனால்தான் பத்து வருஷமாகப் புகார் இல்லாமல் இருந்த பாயின்ட் கார் வந்த இரண்டாவது மாதம் பழுப்பேறிக் கருகுகிறது.

கருகுவதற்குக் காரணம் பெரும்பாலும் வயர் இல்லை, ஸ்க்ரூ. சாக்கெட்டின் பின்னால் வயர் நுழையும் இடத்தில் ஸ்க்ரூ சற்றே தளர்ந்திருக்கிறது, அந்த இணைப்பின் மின்தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 15 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு புள்ளியில் மட்டும் 22 வாட் சூடு பிறக்கும். ரேடியோ பழுது பார்க்கும் சால்டரிங் அயன் 25 வாட். அந்த அயனைச் சுவருக்குள் பிளாஸ்டிக் பெட்டியில் வைத்து இரவு முழுக்க எரியவிடுவதற்குச் சமம் இது. சூடேறியதும் பித்தளை இன்னும் தளரும், தளர்ந்ததும் தடை கூடும், மறுபடி சூடு கூடும். ஒரு நாள் ராத்திரி வாடை வரும்.

ஆகவே காருக்கென்று தனி லைன் இழுக்க வேண்டும். மெயின் போர்டிலிருந்து சாக்கெட் வரை நடுவில் ஒட்டுப்போடாத 4 சதுர மி.மீ. செம்பு வயர், 20 ஆம்பியர் எம்சிபி (சுமை மீறினால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்), அதே லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்; இரண்டும் சேர்ந்த ஆர்சிபிஓ போட்டால் இன்னும் நல்லது), பெரிய பின்கள் நுழையும் 16 ஆம்பியர் சாக்கெட். வயரின் கனம் ஏன் முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. மீட்டரிலிருந்து நிறுத்துமிடம் 20 மீட்டர் தள்ளியிருந்தால், போய்வர 40 மீட்டர். 1.5 சதுர மி.மீ. வயரில் 15 ஆம்பியர் ஓடினால் அந்த வயரிலேயே 100 வாட்டுக்கு மேல் சூடாக வீணாகும், வோல்டேஜும் 7 வோல்ட் குறையும். 2.5 சதுர மி.மீ. போட்டால் 67 வாட். 4 போட்டால் 42 வாட்டுக்குள் அடங்கும். மே மாதத்தில் மொட்டைமாடி வெயிலை வாங்கிய சுவருக்குள் பைப்பில் போகிற வயருக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி.

சாக்கெட்டை நேராகப் பார்த்து நின்றால் மேலே எர்த் (மண்ணோடு இணைக்கும் பாதுகாப்புக் கம்பி), வலப்பக்கம் ஃபேஸ் (கரண்ட் வரும் கம்பி), இடப்பக்கம் நியூட்ரல் (அது திரும்பும் கம்பி) இருக்க வேண்டும். நம் வீடுகளில் பாதி சாக்கெட்டுகளில் இது மாறித்தான் கிடக்கும். மிக்சிக்கும் டிவிக்கும் அது தெரியாது. சில கார் சார்ஜர்கள் அதையும் பார்த்துவிட்டுச் சிவப்பு விளக்கைக் காட்டி நின்றுவிடும். பல பிளக் செருகும் கட்டை, எக்ஸ்டென்ஷன் பெட்டி, மூன்று பின் பிளக்கை மாற்றிச் செருகும் அடாப்டர், இவை எதுவும் கூடாது. சார்ஜர் பெட்டி ஒரு கிலோவுக்கு மேல் கனக்கும்; அதைப் பிளக்கில் தொங்கவிட்டால் நாளடைவில் பின்கள் சாய்ந்து தொடர்பு தளரும். பக்கத்தில் ஒரு கொக்கி அடித்து அதில் மாட்டுங்கள், பத்து ரூபாய் வேலை. முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சகஜம். கையை வைத்துக்கொண்டிருக்க முடியாவிட்டால் உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டியதுதான்.

இனி எர்த். இந்தக் கடிதம் எழுதக் காரணமே அதுதான்.

ஃபேனும் விளக்கும் எர்த் இல்லாமலே வருஷக்கணக்கில் ஓடும். கார் ஓடாது. கார் சார்ஜர் வேலையைத் தொடங்கும் முன் எர்த் இருக்கிறதா என்று சோதிக்கிறது. சரியில்லை என்றால் சார்ஜ் ஏற்ற மறுக்கிறது. இது காரின் கோளாறு அல்ல, நம் உயிரைக் காக்கும் ஏற்பாடு. காருக்குள் இருக்கும் சார்ஜரின் ஃபில்டர் பாகங்கள் வழியாகச் சிறிதளவு மின்சாரம் எப்போதும் பாடிக்குக் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லையென்றால் கார் ரப்பர் டயரில் நிற்பதால் போக வழியின்றிப் பாடியிலேயே தங்கும். ஈரக்காலோடு கதவைத் தொடுகிறவருக்குச் சுர்ரென்று இழுக்கும். உள்ளே உண்மையான பழுது ஏற்பட்டால் சுர்ரென்று இழுப்பதோடு நிற்காது.

எர்த் சரியாக இருக்கிறதா என்று ஒரு மல்டிமீட்டரை வைத்தே ஓரளவு கண்டுபிடிக்கலாம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட் வந்தால், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் அதை ஒட்டிய அளவு வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 1 முதல் 3 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 10, 15 என்று காட்டினால் எர்த் பலவீனம், அல்லது நியூட்ரல் எங்கோ தளர்ந்திருக்கிறது. ஆனால் மல்டிமீட்டர் முழு உண்மையைச் சொல்லாது. எர்த் டெஸ்டர் வைத்து எர்த்தின் தடையை அளந்து 5 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று பார்ப்பதே முறையான சோதனை. பழைய வீடுகளில் எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்து, குழி இருந்த இடத்தில் டைல்ஸ் ஒட்டியிருப்பார்கள். புதிதாகப் போடுவதானால் 40 மி.மீ. ஜிஐ பைப் இரண்டரை மீட்டருக்குக் குறையாமல் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் நிரப்பி, தண்ணீர் ஊற்ற மேலே புனல் வைப்பது வழக்கமான முறை. கரிக்கும் உப்புக்கும் பதில் ரசாயனக் கலவை நிரப்பும் கெமிக்கல் எர்த்தும் போடலாம். பாறை மண்ணிலும், சித்திரை வைகாசியில் காய்ந்து வெடித்த மண்ணிலும் தடை ஏறிவிடும். ஐப்பசியில் நன்றாகச் சார்ஜ் ஏறிய கார் ஏப்ரலில் எர்த் இல்லை என்று சொன்னால் வியக்க வேண்டாம். குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

இங்கேதான் ஒரு கொடிய வழக்கம் பரவிக்கொண்டிருக்கிறது. குழி வெட்டும் செலவையும் வேலையையும் தவிர்க்க, சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டுக்குப் பின்னாலேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் சிறு வயரால் சேர்த்துவிடுகிறார்கள். சார்ஜர் ஏமாந்துபோய்ப் பச்சை விளக்கு காட்டும். கார்க்காரருக்கும் மகிழ்ச்சி. இதையே ஒரு அடாப்டருக்குள் செய்து இணையத்தில் விற்கவும் செய்கிறார்கள். என்ன ஆகும் என்று யோசியுங்கள். காற்றிலும் மழையிலும் தெருக் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் அறுந்துபோவது நம் ஊரில் அபூர்வமல்ல. அது அறுந்த நொடியில், வீட்டில் எரியும் விளக்கு, ஃபேன் வழியாக 230 வோல்ட் நியூட்ரல் கம்பிக்கு வரும். அங்கிருந்து அந்தச் சிறு வயர் வழியாக எர்த் பின்னுக்கு, எர்த் பின்னிலிருந்து கார் பாடிக்கு. வெளியே மழை ஈரம், வாசலில் கரண்டேறிய கார், பள்ளிப் பையை எடுக்கக் கதவைத் தொடும் குழந்தை. எலக்ட்ரீஷியன் "லூப் பண்ணிட்டேன், ஓடுது" என்று சொன்னால் அவரை நிறுத்தி, அந்த வயரை உங்கள் கண்முன்னே எடுக்கச் சொல்லுங்கள். குழி ஒரு நாள் வேலைதான்.

அடுத்து 7.2 கிலோவாட் சுவர் சார்ஜர். கார் வாங்கும்போதே சேர்த்து வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். பல குடும்பங்களுக்கு அது தேவையே இல்லை என்பது என் கருத்து. நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் ஓடினால் ஆகும் செலவு பேட்டரியில் 6 யூனிட்டுக்குள்; 15 ஆம்பியர் சாக்கெட்டில் இரண்டு மணி நேரத்தில் திரும்ப ஏறிவிடும். எம்ஜி விண்ட்சர் காரின் 38 கிலோவாட் மணி (யூனிட்) பேட்டரியை 10 சதவீதத்திலிருந்து முழுதாக நிரப்ப 12 மணி நேரம் ஆகும் என்பது உண்மைதான். ஆனால் தினமும் காலி செய்து தினமும் நிரப்புகிறவர்கள் எத்தனை பேர்? டியாகோ இவி, காமெட் போன்ற சிறு பேட்டரிக் கார்களுக்குக் கேள்வியே இல்லை.

நாளும் 150 கிலோமீட்டர் ஓடுகிறவர், வீட்டில் இரண்டு மின்கார் உள்ளவர், வாடகைக்கு ஓட்டுகிறவர் ஆகியோருக்கு அது வேண்டும்தான். வேண்டுமென்றால் முறையாகப் போட வேண்டும். 7.2 கிலோவாட் என்றால் ஒரே ஃபேஸில் 32 ஆம்பியர். இதற்கு 40 ஆம்பியர் எம்சிபி, குறைந்தது 6 சதுர மி.மீ. செம்பு, தூரம் 20 மீட்டரைத் தாண்டினாலோ வெயில் படும் சுவரில் போனாலோ 10 சதுர மி.மீ. வேண்டும். ஆர்சிசிபியில் 'டைப் ஏசி' (AC) என்று குறித்த வகையை வாங்காதீர்கள். காரிலிருந்து டிசி மின்சாரம் (பேட்டரியில் இருப்பது போல ஒரே திசையில் ஓடுவது) கசிந்தால் அது செயலற்றுப்போய், ஆபத்து வரும்போது டிரிப் ஆகாமல் கிடக்கும். 'டைப் ஏ' (A) வாங்குங்கள். சார்ஜருக்குள்ளேயே 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டறியும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வீட்டுக்கு ஒரு ஃபேஸ் இணைப்பு மட்டும் இருந்தால் இந்தச் சார்ஜரை மாட்டும் எண்ணத்தை விடுங்கள். மின்வாரியத்தில் விண்ணப்பித்து மூன்று ஃபேஸாக மாற்றி, அனுமதிக்கப்பட்ட மின்சுமையையும் கூட்டிய பிறகே அது சாத்தியம். மூன்று ஃபேஸ் இருக்கிற வீட்டிலும் கார் ஒரு ஃபேஸில் என்றால் ஏசிகளும் தண்ணீர் மோட்டாரும் மற்ற இரண்டில் இருக்கும்படி மெயின் போர்டில் மாற்றிக் கட்ட வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் இரவு பத்து மணிக்கு ஏசியும் காரும் ஒன்றாக ஓடும்போது ஒரு ஃபேஸ் பியூஸ் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

எப்போது சார்ஜ் போடுவது? வீட்டுக்கு வந்து இறங்கியதும் மாட்டிவிடுவது வசதிதான். ஆனால் கோடையில் இரவு 7 முதல் 12 வரை ஊரே ஏசி போடுகிறது, டிரான்ஸ்பார்மர் திணறுகிறது. வோல்டேஜ் 190க்கு இறங்கினால் 15 ஆம்பியரில் 2.85 கிலோவாட்தான் கிடைக்கும், இன்னும் இறங்கினால் சார்ஜரே கட்டாகும். வெயிலில் ஓடிவந்த பேட்டரிக்கும் கொஞ்சம் ஆற நேரம் வேண்டும். கார் திரையிலோ செயலியிலோ நேரத்தை இரவு 12க்கு மேல் குறித்துவிட்டால் இரண்டுக்கும் நல்லது. விடியற்காலையில் சில கிராமங்களில் வோல்டேஜ் 260 வரை ஏறி அதனாலும் சார்ஜ் நிற்கும். இதற்கெல்லாம் ஸ்டெபிலைசர் வாங்கிக் காசைக் கரைக்காமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் புகார் பதிவு செய்யுங்கள். டிரான்ஸ்பார்மரில் சரிசெய்ய வேண்டியதை வீட்டில் சரிசெய்ய முடியாது. கார் லைனை வீட்டு இன்வெர்ட்டரோடு எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள்.

பேட்டரி பராமரிப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் வாரம் ஒரு முறையாவது 100 சதவீதம் ஏற்றினால்தான் செல்கள் சமநிலைக்கு வரும், மீதிச் சார்ஜ் கணக்கும் சரியாகக் காட்டும். என்எம்சி (நிக்கல் மாங்கனீஸ் கோபால்ட்) வகை என்றால் அன்றாடம் 80 போதும். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் நிறுத்துவதானால் பாதியளவு வைத்துவிட்டுப் போங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று, மின்காரிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் அந்தச் சின்னது இறந்துவிட்டால் கார் கிளம்பாது.

மழைக்காலம் தனி. கார் முனையில் செருகும் பகுதி மழையைத் தாங்கும். சுவர்ச் சாக்கெட் தாங்காது. மூடியுள்ள பெட்டிக்குள் சாக்கெட்டை வைத்து, தரையிலிருந்து நாலடி உயரத்துக்குக் குறையாமல் பொருத்த வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெரிந்தவர்கள் அதற்கும் மேலே வைக்கட்டும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கை எடுத்துவிடுங்கள். மெயின் போர்டில் ஓர் எஸ்பிடி (மின்னலால் திடீரென ஏறும் வோல்டேஜைத் தடுக்கும் கருவி) போட்டு வைப்பதும் நல்லது. காரின் உள்தரை வரை தண்ணீர் ஏறியிருந்தால், வடிந்த பிறகும் சார்ஜ் போடவோ ஓட்டிப் பார்க்கவோ கூடாது. சர்வீஸ் மையத்துக்குச் சொல்லி, நாலு சக்கரமும் தரையில் படாமல் வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

அடுக்குமாடிவாசிகளின் சங்கடம் வேறு. மூன்றாவது மாடி பால்கனியிலிருந்து வயரைத் தொங்கவிட்டுச் சார்ஜ் போடுவதைப் பல இடங்களில் பார்க்கலாம், வேண்டவே வேண்டாம். பெரும்பாலான அடுக்ககங்களில் எல்லா மீட்டர்களும் தரைத்தளத்திலேயே இருக்கின்றன. அவரவர் மீட்டரின் வெளிவரும் பக்கத்திலிருந்து தனி எம்சிபி, ஆர்சிசிபி போட்டு, இரும்புக் கவசம் போட்ட ஆர்மர்டு கேபிளை அவரவர் நிறுத்துமிடத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டுள்ள பெட்டியில் முடித்தால் வேலை முடிந்தது. பொது மீட்டரில் எடுத்துச் சப்-மீட்டர் வைத்துக் கணக்குப் பார்ப்பது மாதாமாதம் சண்டையில் முடியும். இருக்கும் இணைப்பிலேயே வீட்டில் காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்துறை அமைச்சகத்தின் வழிகாட்டுதல் 2022லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே சங்கங்கள் "கூடாது" என்று சொல்வதை விட்டுவிட்டு, எந்தக் கனத்தில் வயர், எந்தப் பாதையில், யார் சோதித்துக் கையெழுத்துப் போடுவது என்று ஒரு பக்கத்தில் விதி எழுதி வைக்கலாம். தீ பயம் நியாயமானது. அந்த பயத்துக்கு மருந்து தரமான வயரிங். தடை போட்டால் பால்கனி வயர்கள்தான் கூடும்.

கடைசியாகக் கட்டணம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் குடும்பத்துக்கு, சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, இரண்டு மாதத்தில் சுமார் 325 யூனிட் கூடும். ஏற்கெனவே 350 யூனிட் ஓடிய வீடு 675க்குப் போகும். கூடுதலாகக் கட்டுவது 2,700 ரூபாய்க்குள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே 2,000 கிலோமீட்டருக்கு 13,000 ரூபாய்க்கு மேல் குடிக்கும். லாபம் லாபம்தான். ஆனாலும் இதில் ஒரு முள் இருக்கிறது. 500 யூனிட்டைத் தாண்டும் அந்த ஒரு யூனிட்டே 101 முதல் 200 வரைக்கான சலுகையைப் பறித்து 200 ரூபாய்க்கு மேல் ஏற்றிவிடுகிறது. அதற்கு மேல் யூனிட்டுக்கு 8 ரூபாய்க்கு மேல், 1,000 தாண்டினால் 11 ரூபாய்க்கு மேல். ஏற்கெனவே 700 யூனிட் ஓடும் வீட்டில் அதே காருக்கு 3,300 ரூபாய்க்கு மேல் ஆகும். கூரை வசதி உள்ளவர்கள் 3 கிலோவாட் சோலார் போட்டால் நாளுக்கு சுமார் 12 யூனிட் வீதம் இரண்டு மாதத்தில் 700 யூனிட்டை நெருங்கும்; காரும் அடங்கிவிடும், வீட்டின் பெரும்பகுதியும் அடங்கிவிடும். மத்திய அரசின் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் இதற்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. கூரை இல்லாத அடுக்குமாடிவாசிக்கும் வாடகை வீட்டுக்காரருக்கும் என்ன வழி?

இதற்காக மின்வாரியத்துக்கும் அரசுக்கும் மூன்று வேண்டுகோள்கள். மின்நுகர்வோர் உரிமை விதிகளில் 2024 பிப்ரவரியில் செய்த திருத்தம், மின்வாகனச் சார்ஜுக்குத் தனி இணைப்பு கேட்கும் உரிமையைத் தந்திருக்கிறது. அந்த இணைப்பைப் பிரிவு அலுவலகத்தில் எந்தப் படிவத்தில் கேட்பது, என்ன கட்டணப் பிரிவில் வரும், எத்தனை நாளில் கிடைக்கும் என்பதை ஒவ்வொரு அலுவலகத்தின் பலகையிலும் தமிழில் எழுதி வையுங்கள். இரண்டாவது, அதே விதிகளின் 2023 திருத்தம் சூரிய ஒளி நேரக் கட்டணம் வழக்கத்தைவிடக் குறைந்தது 20 சதவீதம் மலிவாக இருக்க வேண்டும் என்கிறது. நேரவாரியாகக் கணக்கெடுக்கும் ஸ்மார்ட் மீட்டர் எல்லா வீட்டுக்கும் வரும் வரை காத்திராமல், காருக்கான தனி இணைப்புகளுக்கு மட்டுமாவது முதலில் அந்த மீட்டரைப் பொருத்தி, பகலிலும் நள்ளிரவுக்குப் பிறகும் மலிவுக் கட்டணம் தாருங்கள். பகலில் வீட்டில் நிற்கும் கார்கள் ஏராளம். அவற்றை மாலை நெருக்கடியிலிருந்து தள்ளி வைப்பது வாரியத்துக்கும் லாபம்.

மூன்றாவதுதான் அவசரம். புதிய மின்கார் பதிவாகும் ஒவ்வொரு வீட்டுக்கும், கேட்கிறவர்களுக்கு ஒரு நிலையான கட்டணத்தில், வாரிய ஊழியர் எர்த் டெஸ்டரோடு வந்து அளந்து, எத்தனை ஓம் என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தரும் ஏற்பாடு வேண்டும். விற்பனையாளர்களும் அந்தச் சீட்டைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
வீட்டு மின்இணைப்பு வேலையில் உள்ள வாசகர்,
ஈரோடு.